எட்டடிச் சாய்தளமும் ஓர் எஃகுக் குண்டும்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய அறிவியல் பாடநூல் அளவீட்டில் தொடங்கி, அடுத்த பாடத்திலேயே இயக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றின் வரையறைகளை அவள் பிழையில்லாமல் ஒப்பிப்பாள். ஒரு மாலை, சீராக முடுக்கப்படும் பொருளின் தொலைவு–கால வரைபடம் வளைகோடாக அமையும் என்று தன் குறிப்பேட்டில் எழுதியிருந்ததைக் காட்டி, "அப்பா, இந்தக் கோட்டை எதை அளந்து வரைந்தார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கோட்டின் மீது ஒரு புள்ளியும் இல்லை, அச்சுகளில் ஓர் எண்ணும் இல்லை. நானும் அதைக் கரும்பலகையில் பார்த்து வரைந்தவனே தவிர, என் கையால் அளந்து பெற்றவன் அல்லன்.

அலுமினியக் கதவும் ஜன்னலும் செய்வது என் தொழில். வெட்டுவதும் துளையிடுவதும் மட்டம் பார்ப்பதும் அன்றாட வேலைகள் என்பதால், ஒரு சாய்தளம் அமைத்து, அதில் குண்டை உருட்டி, நேரத்தை அளந்து, அந்தக் கோட்டை நாங்களே வரைந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. அந்த நான்கு நாட்களில் செய்ததையும், தவறிய இடங்களையும், கிடைத்த எண்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பட்டறையில் மீந்து கிடந்த முக்கால் அங்குல அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றை எட்டடிக்கு, அதாவது ஏறத்தாழ 2.44 மீட்டருக்கு வெட்டிக்கொண்டேன். அதன் முதுகு கீழே இருக்குமாறு, இரண்டு பக்கங்களும் ‘வி’ வடிவில் மேல்நோக்கி விரியுமாறு, ஒரு மரச்சட்டத்தின் மீது பொருத்தினால் குண்டு விலகாமல் ஓடுவதற்கான பள்ளம் கிடைத்துவிடுகிறது. குண்டு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஓர் அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டு. இவற்றுடன் இஞ்சி டேப், கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய டியூப் மட்டம், ரசமட்டம், மூலைமட்டம், ஒரு கைப்பேசி, ஒரு கட்டு வரைபடத்தாள் ஆகியவையே எங்கள் கருவிகள்.

சரிவை அளப்பதில் முதல் பாடம் கிடைத்தது. மேல்முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், கீழ்முனை எவ்வளவு உயரம் என்று அளந்து கழித்தால் போதும் என்று மகள் நினைத்தாள். வீட்டுத் தரையோ தண்ணீர் வடிவதற்காகச் சற்றே சாய்த்துப் போடப்பட்டது. ரசமட்டத்தை வைத்தவுடன் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியது. ஆகவே தரையை நம்பாமல், இரு முனைகளிலும் டியூப் மட்டத்தின் நீர்வரியைக் குறித்துக்கொண்டு, அந்த வரியிலிருந்தே பள்ளத்தின் உயர வேறுபாட்டை அளந்தோம். முதல் அமைப்பில் 2.40 மீட்டர் சாய்நீளத்துக்கு 12.0 சென்டிமீட்டர் உயரம். உயரத்தைச் சாய்நீளத்தால் வகுத்தால் சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பு 0.050 எனக் கிடைக்கிறது. கோணமானியைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

இஞ்சி டேப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் முனையிலுள்ள கொக்கி சற்றே ஆடுவதைக் கண்டு, டேப் பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது: கொக்கியை ஒரு விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், ஒரு சுவரில் முட்டக் கொடுத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராதபடி அது முன்பின் நகர்கிறது. ஆனால் கொக்கி வளைந்துவிட்டால் அளவு சரியாகச் சுழியில் தொடங்காது, சுழிப்பிழை வந்துவிடும். அதனால் நாங்கள் கொக்கியை விட்டுவிட்டு, 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்தே எல்லா அளவுகளையும் தொடங்கிப் பின்னர் 10-ஐக் கழித்தோம். கோட்டுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் படிக்க வேண்டும் என்பதை அவள் ஏற்கெனவே அறிவாள்; பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இடமாறு தோற்றப்பிழையால் ஒரு மில்லிமீட்டர் வரை மாறுகிறது என்பதை அன்று தானே படித்து உறுதி செய்துகொண்டாள்.

முதல் ஞாயிறு முழுவதும் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தைக் கொண்டு அளந்தோம். குண்டை விரலால் பிடித்து விட்டபோது, விரல் அதைச் சற்றே முன்னே தள்ளிவிட்டது. அதன் பிறகு, ஓர் எஃகு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தி, அதைக் குண்டைவிட வேகமாக முன்பக்கமாக விலக்கி எடுக்கப் பழகிக்கொண்டோம். 25, 50, 100, 150, 200 சென்டிமீட்டர் ஆகிய ஐந்து தொலைவுகளுக்கும் தலா பத்து முறை குண்டை உருட்டினோம்.

கடிகாரத்தின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 வினாடி. எனவே அளவீடும் அவ்வளவு நுட்பமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் 25 சென்டிமீட்டருக்கான பத்து அளவுகள் 1.21 வினாடிக்கும் 1.58 வினாடிக்கும் இடையே சிதறிக் கிடந்தன. கடிகாரம் நூற்றில் ஒரு பங்கு வினாடியைக் காட்டுகிறது; அதை அழுத்தும் விரலோ பத்தில் ஒன்றிரண்டு பங்கு வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது. கருவியின் மீச்சிற்றளவும் அளவீட்டின் நுட்பமும் ஒன்றல்ல என்பதை அந்தப் பத்து எண்களைப் போல எந்த வரையறையாலும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. 200 சென்டிமீட்டருக்கும் சிதறல் ஏறத்தாழ அதே அளவுதான் இருந்தது, 3.71 முதல் 4.05 வரை. மொத்த நேரம் நீண்டதாகையால் அங்கே விழுக்காட்டுப் பிழை குறைந்தது.

வேறொன்றையும் கண்டோம். அதே 200 சென்டிமீட்டருக்கு அவளுடைய சராசரி 3.88 வினாடி, என்னுடையது 3.81. குண்டு முடிவுக் கோட்டை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் சற்று முன்னதாக அழுத்திவிடுகிறேன். பத்து முறை செய்தாலும் நூறு முறை செய்தாலும் சராசரியால் இது நீங்காது. ஒழுங்கற்ற பிழை சராசரியில் கரைகிறது. முறையான பிழை அப்படியே நிற்கிறது. அவளுடைய சராசரிகளையே எடுத்துக்கொண்டோம்: ஐந்து தொலைவுகளுக்கும் முறையே 1.40, 1.93, 2.77, 3.36, 3.88 வினாடிகள்.

கிடை அச்சில் காலத்தையும் செங்குத்து அச்சில் தொலைவையும் குறித்து அவள் முதல் வரைபடத்தை வரைந்தாள். புள்ளிகளை வைத்தவுடனேயே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அளவுகோலை வைத்து உடைந்த கோடுகளாக இணைக்கத் தொடங்கினாள். நிறுத்தச் சொன்னேன். குண்டு மூலைக்கு மூலை வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடவில்லை. புள்ளிகளுக்கு இடையிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே புள்ளிகளின் ஊடாக, சில சற்று மேலேயும் சில சற்றுக் கீழேயும் நிற்குமாறு, ஒரே வீச்சில் செல்லும் கோடுதான் வேண்டும். அப்படி வரைந்தபோது அவள் கேட்ட அந்த வளைகோடு தாளில் வந்துவிட்டது, இம்முறை புள்ளிகளோடும் எண்களோடும்.

வளைகோடு அழகானதுதான், ஆனால் அதைப் பார்த்து, இது இருபடித் தொடர்புதான், வேறொன்றல்ல என்று கண்ணால் சொல்லிவிட முடியாது. நேர்கோட்டை மட்டுமே கண் ஐயமின்றி அறியும். எனவே காலத்தை இருபடியாக்கி, அதைக் கிடை அச்சில் வைத்து மீண்டும் வரைந்தோம். ஐந்து புள்ளிகளும் ஒரு நேர்கோட்டின் அருகே வந்து நின்றன. கோட்டின் மீதே தொலைவான இரு இடங்களைத் தேர்ந்து சாய்வைக் கணக்கிட்டால் 0.134 கிடைத்தது. நான் ‘சரிவு’ என்று எழுதுவது பலகையின் சரிவையும், ‘சாய்வு’ என்று எழுதுவது வரைபடக் கோட்டின் சாய்வையும் குறிக்கும்; இவ்விரண்டும் குழம்பினால் பின்னால் வருவது எதுவும் விளங்காது. அவள் உடனே முடுக்கம் 0.134 என்று எழுதிவிட்டாள். அமைதி நிலையிலிருந்து தொடங்கும் இயக்கத்தில் தொலைவு என்பது முடுக்கத்தின் பாதியைக் காலத்தின் இருபடியால் பெருக்கியது அல்லவா? எனவே சாய்வு முடுக்கத்தில் பாதிதான், முடுக்கம் 0.267 மீ/வி². சாய்வுக்கும் அலகு உண்டு, அதை எழுதாமல் விட்டால் இந்தத் தவறைப் பிடிக்கவே வழியில்லை என்பதால், அன்றிலிருந்து எந்த வரைபடத்திலும் சாய்வின் அலகை முதலில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

மகிழ்ச்சியோடு முடித்திருக்கலாம். ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் நம் பகுதியில் 9.78 மீ/வி². அதைச் சரிவின் சைன் மதிப்பான 0.050-ஆல் பெருக்கினால் 0.489 வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ அதில் பாதியைச் சற்றே தாண்டிய எண். "உராய்வாக இருக்கும்" என்றாள் மகள். அளவு பொருந்தாதபோதெல்லாம் உராய்வின் மீது பழியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது நாமெல்லாம் பள்ளியில் கற்றுக்கொண்ட பழக்கம். ஏறத்தாழப் பாதியை விழுங்கும் அளவுக்கு உராய்வு இருந்தால், கிடைமட்டத்தில் தள்ளிவிட்ட குண்டு சில அடிகளிலேயே நின்றிருக்க வேண்டும். எங்கள் குண்டோ கூடத்தின் மறுமுனை வரை ஓடியது. எனவே காரணம் வேறு. அதைத் தேடுவதற்கு முன் அளவீட்டைச் செம்மைப்படுத்த வேண்டியிருந்தது.

விரலின் தாமதத்தை நீக்குவதற்கு ஒரு பழைய வழி நினைவுக்கு வந்தது. கலிலியோ இதே ஆய்வைச் செய்தார். 1638-இல் லைடன் நகரில் அச்சான தம் நூலில், ஏறத்தாழப் பன்னிரண்டு முழ நீள மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாளை ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டியதையும், ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை எடைபோட்டுக் காலத்தை அளந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் அச்சிடாமல் விட்டுப்போன கையெழுத்துத் தாள்கள் ஃபிளாரன்ஸ் நகரில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக், பள்ளத்தின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைக் கடக்கும் ஒலிகள் தாளத்துக்கு ஒத்து வரும்வரை நரம்புகளை நகர்த்தி அவர் அளந்திருக்கலாம் என்று 1970-களில் கூறினார். காது மிக நுட்பமான கடிகாரம். மிருதங்கத்தில் ஓர் அடி பிசகினால் அரங்கில் இருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் ஞாயிறு அதையே செய்ய முயன்றோம். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பை ஆங்கிளைச் சுற்றிக் கட்டினேன். குண்டு முதல் நரம்பிலேயே முட்டி நின்றுவிட்டது. ‘வி’ வடிவப் பள்ளத்தில் இறுக்கிக் கட்டிய நரம்பு பள்ளத்தின் அடியில் படியாது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பாலம் போல நின்று, குண்டின் வயிற்றை மறித்துவிடும். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். அடுத்து இன்சுலேஷன் டேப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டிப் பள்ளத்தின் இரு முகங்களிலும் ஒட்டினேன். குண்டு ஓடியது, ஒலியும் தெளிவாகக் கேட்டது. ஆனால் டேப் ஒட்டாதபோது எடுத்த நேரத்தைவிட இறுதிக் கோட்டை அடைய அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொரு பட்டையும் குண்டின் இயக்கத்திலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றக் கூடாது என்பதால் டேப்பைப் பிய்த்துவிட்டேன்.

இறுதியில் பலன் தந்தது ஊசி அரம். மூலைமட்டத்தால் கோடு கிழித்து, பள்ளத்தின் இரு முகங்களிலும் குண்டு தொடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் மெல்லிய கீறல் இட்டேன். குண்டு கீறலில் ஏற வேண்டியதில்லை. அதைத் தாண்டும்போது மிகச் சிறிதளவே தாழ்ந்து எழுகிறது. நேரத்தில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. குண்டை விடும் இடத்திலிருந்து 20, 60, 100, 140, 180, 220 சென்டிமீட்டர் என ஆறு கீறல்கள். கைப்பேசியைச் சட்டத்தின் மீதே வைத்து ஒலிப்பதிவு செய்தோம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால், அமைதியான கோட்டில் ஆறு முட்கள் போல ஆறு ஒலிகள் நின்றன. அவற்றின் நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை படிக்க முடிந்தது. மகள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அந்த ஆறு ஒலிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ‘டக்’ ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரம் வரவரக் குறுகுவதைக் கேட்பதுதான் முடுக்கத்தைக் காதால் கேட்பது.

ஒரு சிக்கல் மீதி இருந்தது. குண்டை விடும் கணத்தில் நம்பத்தகுந்த ஒலி எதுவும் எழுவதில்லை. முதல் ஒலிக்கு முன் எவ்வளவு நேரம் ஓடியது என்பது தெரியாமல் காலத்தை எப்படி இருபடியாக்குவது? இதற்கு விடை திசைவேகத்தில் இருந்தது. அடுத்தடுத்த இரு கீறல்களுக்கு இடையே 0.40 மீட்டர். அதை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் அந்த இடைவெளியின் சராசரித் திசைவேகம். முடுக்கம் சீரானது என்றால், அந்தச் சராசரியே இடைவெளியின் நடுக்கணத்தில் குண்டுக்கு இருந்த திசைவேகமும் ஆகும். 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டு அறிஞர்கள், ஆய்வு எதுவும் செய்யாமல், தருக்கத்தாலேயே இதைக் கண்டறிந்திருந்தார்கள். நடுக்கண நேரத்தைக் கிடை அச்சிலும் திசைவேகத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், தொடக்க நேரம் தெரியாமலே முடுக்கம் சாய்வாகக் கிடைத்துவிடும்.

மூன்றாம் ஞாயிறு வரைந்த முதல் திசைவேக–கால வரைபடம் எங்களை ஏமாற்றியது. முதல் மூன்று புள்ளிகள் நேராக ஏறின. கடைசி இரண்டும் கோட்டுக்குக் கீழே தாழ்ந்து நின்றன. காற்றுத்தடை என்று சொல்ல வாய் வந்தது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் எஃகுக் குண்டைக் காற்று அவ்வளவு தடுக்காது. சட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே கொத்தனார் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: நடுவில் சட்டம் 4 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொய்வால் மேற்பகுதியின் சரிவு கூடி, கீழ்ப்பகுதியின் சரிவு குறைந்துவிடுகிறது. கணக்கிட்டால் இரு முனைகளிலும் பதின்மூன்று விழுக்காடு வேறுபாடு வருகிறது. கதவுச் சட்டத்தில் இந்த அளவு தொய்வை நான் ஒருபோதும் விட்டதில்லை; இங்கே முனைகளை மட்டும் மட்டம் பார்த்துவிட்டு நடுவை மறந்திருந்தேன். நடுவில் இரண்டு இடங்களில் தாங்கு வைத்து, அட்டைத் துண்டுகளைச் செருகி, நூலோடு ஒட்டி வரும்வரை உயர்த்தினேன்.

மறுபடி உருட்டியபோது ஐந்து இடைவெளிகளுக்கும் 0.904, 0.621, 0.506, 0.437, 0.389 வினாடிகள் கிடைத்தன. அவற்றிலிருந்து திசைவேகங்கள் 0.442, 0.644, 0.791, 0.915, 1.028 மீ/வி. ஐந்து புள்ளிகளும் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் நின்றன. சாய்வு, அதாவது முடுக்கம், 0.264 மீ/வி².

அந்தக் கோட்டை மகள் பின்னோக்கி நீட்டினாள். திசைவேகம் சுழியாகும் இடம், முதல் ஒலிக்கு 1.22 வினாடி முன்பு வந்தது. குண்டு விடப்பட்ட கணம் அதுதான். எந்தக் கருவியும் பதிவு செய்யாத அந்தக் கணத்தை வரைபடம் சொன்னது. அந்த நேரத்தையும் முடுக்கத்தையும் வைத்து, குண்டு முதல் கீறலுக்கு எவ்வளவு தொலைவு முன்பு இருந்தது என்று கணக்கிட்டால் 19.6 சென்டிமீட்டர். நாங்கள் விட்டது 20.0 சென்டிமீட்டரில். இந்த நான்கு வாரங்களில் என்னை மிகவும் நெகிழ வைத்த எண் இதுதான். கோடு என்பது புள்ளிகளுக்கு அணிசெய்ய வரைவது அல்ல, நாம் பார்க்காததையும் அது சொல்லும் என்பதை அவள் அந்த நொடியில் கண்டுகொண்டாள்.

இப்போது 0.489 எங்கே, 0.264 எங்கே என்ற கேள்விக்குத் திரும்பலாம். அரை அங்குலக் குண்டை உருட்டிப் பார்த்தோம். கண்ணாடிக் கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தோம். எடையில் பல மடங்கு வேறுபட்டாலும் முடுக்கம் ஏறத்தாழ அதேதான். பிறகு மேசைக் கண்ணாடியை அதே சரிவில் சாய்த்து, குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, தட்டையான அந்தப் பரப்பில் எஃகுக் குண்டை ஒரு மீட்டர் உருட்டினோம். பள்ளத்தில் 2.75 வினாடி எடுத்தது, கண்ணாடியில் 2.41 வினாடியில் வந்துவிட்டது, முடுக்கம் 0.344. குண்டும் சரிவும் ஒன்றே; தொடும் விதம் மட்டும் மாறியது, முடுக்கமும் மாறிவிட்டது.

விடை உருளுதலில் இருக்கிறது. கீழே இறங்கும் குண்டு இழக்கும் நிலையாற்றல் முழுவதும் முன்னோக்கிய ஓட்டத்துக்குப் போவதில்லை; ஒரு பங்கு சுழற்சிக்குப் போகிறது. திண்மக் கோளம் தட்டையான தளத்தில் நழுவாமல் உருண்டால், ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கும் ஏழில் ஐந்து பங்கு ஓட்டத்துக்கும் செல்லும். 0.489-ஐ ஏழில் ஐந்தால் பெருக்கினால் 0.349, கண்ணாடியில் கிடைத்தது 0.344. செங்கோணப் பள்ளத்திலோ குண்டு தன் அடிப்புள்ளியில் நிற்பதில்லை. இரு பக்கங்களிலும் தொட்டு நிற்கிறது. சுழலும் அச்சிலிருந்து தொடும் புள்ளிகளின் தொலைவு குண்டின் ஆரத்தைவிடக் குறைவு, ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. ஆகவே அதே தொலைவைக் கடக்க அது 1.41 மடங்கு அதிகமாகச் சுழல வேண்டும். சுழற்சியின் பங்கு ஒன்பதில் நான்காக உயர்கிறது, ஓட்டத்துக்கு ஒன்பதில் ஐந்துதான் மிஞ்சுகிறது. 0.489-ஐ ஒன்பதில் ஐந்தால் பெருக்கினால் 0.272. குண்டின் நிறையும் ஆரமும் கணக்கில் தாமாகவே நீங்கிவிடுகின்றன. கோலிக்குண்டும் எஃகுக் குண்டும் ஒன்றாக ஓடியதன் காரணமும் இதுவே.

ஒரு பொருள் தன் சுழற்சி மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் நிலைமத் திருப்புத்திறன் என்ற கருத்து கலிலியோவின் காலத்தில் உருவாகியிருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர்தான் அதற்கு வடிவம் கொடுத்தார். ஆனால் கலிலியோ தேடியது தொலைவுகளுக்கு இடையிலான விகிதத்தை மட்டுமே. சுழற்சிக்குப் போகும் பங்கு எதுவாயினும் அந்த விகிதம் மாறாது. அவருடைய தாள் ஒன்றில் எட்டுச் சமக் கால இடைவெளிகளுக்கு எதிரே 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என்ற எண்கள் இருக்கின்றன. மகள் ஒவ்வோர் எண்ணையும் 1, 4, 9, 16 என்று இருபடிகளால் வகுத்துப் பார்த்தாள். எட்டு விடைகளும் 32.5-க்கும் 33.2-க்கும் இடையே அடங்கின. மின்சாரமும் நிறுத்துக் கடிகாரமும் இல்லாத காலத்து மனிதர் ஒருவரின் அளவீடு எங்கள் முதல் ஞாயிற்று அளவீட்டைவிட நுட்பமாக இருந்ததைக் கண்டு இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

எதிர்பார்த்த 0.272-க்கும் கிடைத்த 0.264-க்கும் இடையே இன்னும் சிறு வேறுபாடு. உண்மையான உராய்வின் இடம் இதுதான் என்று இப்போது சொல்லலாம். ஆனால் அதையும் அளந்தே சொல்ல வேண்டும். நான்காம் ஞாயிறு மேல்முனையை 4, 8, 12, 16, 24 சென்டிமீட்டர் என ஐந்து உயரங்களில் வைத்து, ஒவ்வொரு முறையும் நூல் பிடித்து, ஒலிப்பதிவு செய்து முடுக்கங்களைக் கண்டோம்: 0.081, 0.173, 0.264, 0.353, 0.535 மீ/வி². கிடை அச்சில் சைன் மதிப்பையும் செங்குத்து அச்சில் முடுக்கத்தையும் குறித்தபோது மீண்டும் ஒரு நேர்கோடு. அதன் சாய்வு 5.44 மீ/வி². உருளும் குண்டுக்குரிய பங்கை நீக்க, அதை ஐந்தால் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் 9.79 மீ/வி². எட்டடி அலுமினியத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிட்டது. இந்த நெருக்கத்தில் நற்பேற்றுக்கும் பங்குண்டு என்பதை இங்கே பதிவு செய்வது கடமை. எங்கள் உயர அளவில் ஒரு மில்லிமீட்டர் பிழை இருக்கலாம். 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது இரண்டரை விழுக்காடு. எனவே 9.8-க்கு இருபுறமும் 0.15 அளவுக்கு ஐயம் உண்டு என்று எழுதுவதே நேர்மையானது.

அந்தக் கோடு ஆதிப்புள்ளியின் வழியே செல்லவில்லை. மகள் அதைச் செல்ல வைப்பதற்காக அளவுகோலைச் சற்றே திருப்பினாள்; சரிவே இல்லையென்றால் முடுக்கமும் இல்லை என்பது அவள் வாதம். புள்ளிகள் சொல்லாததைக் கோட்டைச் சொல்ல வைக்க வேண்டாம் என்றேன். விட்டபடியே நீட்டியபோது, கோடு கிடை அச்சை 0.0016 என்ற இடத்தில் வெட்டியது. சைன் மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்தால் முடுக்கம் சுழியாக வேண்டும். சரிவு கொடுப்பதை உருளல் உராய்வு முழுவதும் எடுத்துக்கொள்ளும். 2.40 மீட்டருக்கு அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரம்.

அதையும் சோதித்தோம். மேல்முனையை 4 மில்லிமீட்டருக்கு இறக்கி, குண்டை மெல்லத் தள்ளிவிட்டோம். ஒலிகள் சீராக வந்தன. ஐந்து இடைவெளிகளுக்கும் 1.35, 1.32, 1.30, 1.31, 1.34 வினாடிகள். நடுவில் நேரம் ஏன் சற்றே குறைகிறது என்று அவளே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நூலை எடுத்துக் கட்டினாள். சட்டத்தின் நடுவில் அரை மில்லிமீட்டர் தொய்வு இன்னும் இருந்தது. முதல் ஞாயிற்றன்று வளைகோடு வரைந்த அதே தாளில், அதன் பக்கத்திலேயே, இந்த ஓட்டத்தின் தொலைவையும் காலத்தையும் குறித்து ஒரு நேர்கோட்டை வரைந்து, "சீரான திசைவேகம், நடுவில் 0.5 மி.மீ. தொய்வு" என்று எழுதி வைத்திருக்கிறாள்.